பெரியப்பாவின் ரோலெக்ஸில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' செயின்: வாட்ச்சோடு வந்ததா, பிறகு மாட்டியதா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் பெரியப்பா 1967ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவர். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்து, ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கம் வந்து தங்கிவிட்டார். போன ஆடியில் தவறிப்போனார். அவர் கட்டிக்கொண்டிருந்த வாட்ச்சைப் பெரியம்மா என்னிடம் கொடுத்தார். ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் நம்பர் 1601. ஸ்டீல் கேஸ், டயலைச் சுற்றி வரிவரியாக வெட்டிய வெள்ளைத் தங்க வளையம், தேதிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்த பிளாஸ்டிக் கிளாஸ். டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்று பொடி எழுத்து. ஓடுகிறது, தினமும் கொஞ்சம் பின்தங்குகிறது. அது பரவாயில்லை.

என் சந்தேகம் செயினில். நெட்டில் பார்த்த டேட்ஜஸ்ட்களில் எல்லாம் ஜூபிலி என்கிற ஐந்து வரிசைக் கண்ணிச் செயின். இதுவும் ஐந்து வரிசைதான், ஆனால் கண்ணிகள் முட்டை வடிவமாக இருக்கின்றன. கையில் எடுத்தால் எடையே இல்லை, மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது போலத் தெரிகிறது. லாக்கின் மேலே கிரீடம் இருக்கிறது. திறந்தால் உள்தகட்டில் 'ரோலெக்ஸ்', 'சி அண்ட் ஐ' மாதிரி ஒரு தேய்ந்த முத்திரை, அப்புறம் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' ஸ்விட்சர்லாந்து வாட்ச்சில் அமெரிக்கச் செயின் எப்படி?

திருச்சியில் ஒரு கடையில் காட்டினேன். "வாட்ச் அசல், செயின் டூப்ளிகேட். கழற்றிப் போட்டுட்டு ஸ்விஸ் ஜூபிலி போட்டுத் தர்றேன், பழசை நான் எடுத்துக்கிட்டு விலையில கழிச்சுக்கிறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மாற்றலாமா? படங்கள் கீழே.

டிக்டிக்:

ப்ரோ, கடைக்காரர் சொல்றதுதான் சரி. ரோலெக்ஸ்ல எல்லாமே ஜெனிவா. யு.எஸ்.ஏ.ன்னு அடிச்ச எதுவும் ஒரிஜினலா இருக்க சான்ஸே இல்ல. மாத்திடுங்க.

பழைய மிஷின்:

தம்பி காவிரிக்கரை, அவசரப்பட்டு எதையும் கழற்றாதே.

பாரிஸ் கார்னரில் எனக்கு ஒரு சின்ன பெஞ்ச் இருந்தது. கண் மங்கின பிறகு விட்டுவிட்டேன். துறைமுகம் பக்கத்தில் என்பதால் கப்பலில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கிய ரோலெக்ஸ், ஒமேகா எல்லாம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. உன் படத்தில் இருக்கிற செயின் எனக்கு அந்நியமில்லை.

டிக்டிக், கோபித்துக்கொள்ளாதே, ஒன்று மட்டும் கேட்கிறேன். டூப்ளிகேட் அடிக்கிறவன் எதை அடிப்பான்? 'ஸ்விஸ்' என்றுதானே அடிப்பான்? வாங்குகிறவன் சந்தேகப்படட்டும் என்று எவனாவது 'யு.எஸ்.ஏ.' என்று குத்துவானா? அதோடு, டூப்ளிகேட் என்று தெரிந்த செயினை ஒரு கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டு எடுத்துவைப்பாரா? குப்பைக்கு யாரும் விலை போட்டு நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வாட்ச்சும் செயினும் முழுசாக அமெரிக்காவில் இறக்கினால் வரி பலமாக விழும். அதனால் வாட்ச் தலையை மட்டும் ஸ்விஸ்ஸிலிருந்து இறக்கி, செயினை அங்கேயே செய்து மாட்டினார்கள். ரோலெக்ஸுக்கு அமெரிக்காவில் அப்படிச் செய்து கொடுத்தவர்கள்தான் 'சி அண்ட் ஐ'. கம்பெனி ஒப்புதலோடு, கிரீடம் குத்தி வந்த சரக்கு. 1950களிலிருந்து 70கள் வரை அங்கே விற்ற டேட்ஜஸ்ட், ஆய்ஸ்டர், ஜிஎம்டி போன்ற ரோலெக்ஸ் மாடல்களில் இதைப் பார்க்கலாம். மெக்சிகோவிலும் இதே கதை. அங்கே செய்த செயினில் 'எச்சோ என் மெஹிக்கோ', அதாவது மெக்சிகோவில் செய்தது என்று இருக்கும். இது செயினோடும் நிற்கவில்லை, ரோலெக்ஸோடும் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ரோலெக்ஸுக்குத் தங்கக் கேஸ் அடித்தது பர்மிங்ஹாம் டென்னிசன் கம்பெனி. அமெரிக்காவில் விற்ற ஒமேகா தங்க வாட்ச்கள் பலவற்றுக்கும் கேஸ் அங்கேயே அடித்ததுதான். அந்தந்த ஊர் வரிக்குத் தக்கபடி வாட்ச்சைப் பிரித்து அனுப்பினார்கள்.

ஆகவே செயின் டூப்ளிகேட் இல்லை, ரோலெக்ஸ்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ கேட்டது அது இல்லை. இந்த வாட்ச்சோடு கடையில் சேர்ந்து வந்த செயினா, அல்லது பெரியப்பா பிறகு எங்கோ வாங்கி மாட்டியதா என்பதுதான் உன் கேள்வி. அதற்குச் செயினைப் பார்த்தால் போதாது, வாட்ச்சைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் காது, அதாவது செயினைப் பிடிக்கக் கேஸிலிருந்து நீண்டிருக்கிற முனைகள். 1601ல் காதுகளில் வெளியே தெரிகிற மாதிரி துளை உண்டு. மெல்லிய ஊசியால் பின்னைத் தள்ளினால் செயின் கழன்று வரும். காதில் கீறல் விழாமல் இருக்க செல்லோ டேப் ஒட்டிக்கொள். கழற்றியதும் இரண்டு காதுக்கும் நடுவில் கேஸின் பக்கவாட்டைப் பார். 12 மணிப் பக்கம் மாடல் நம்பர், 6 மணிப் பக்கம் சீரியல் நம்பர். வருஷக்கணக்கில் செயினின் எண்ட் பீஸ், கேஸோடு சேருகிற கடைசித் துண்டு, அங்கே உரசி உரசி ஒரு தடம் விழுந்திருக்கும். வேர்வை இறங்கி அதன் ஓரத்தில் பொடிப் பொடியாக அரிப்பும் இருக்கும். அந்தத் தடத்தின் விளிம்பும் இந்த எண்ட் பீஸின் விளிம்பும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார். இரண்டு தடம் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் செயின் மாறியிருக்கிறது. நான் எப்போதும் முதலில் பார்ப்பது இதைத்தான். பில்லும் பெட்டியும் யாருடையது வேண்டுமானாலும் இருக்கலாம், கேஸில் விழுந்த தேய்மானத்தை யாரும் கொண்டுவந்து வைக்க முடியாது.

ரெண்டாவது, பின்மூடி. நீயே திறக்காதே. அதற்கு வரிப்பல் சாவி வேண்டும், இடுக்கியால் திருகி மூடியை நாசம் பண்ணினவர்கள் ஏராளம். தெரிந்தவரிடம் கொடுத்து, உன் கண் முன்னால் திறக்கச் சொல். மூடியின் உள்பக்கம் ரோமன் எண்ணும் அதை ஒட்டி வருஷமும் குத்தியிருக்கும். வருஷத்தின் எந்தக் காலாண்டு என்பது அந்த ரோமன் எண். அங்கே 1601க்குப் பதில் 1600 என்றோ 1603 என்றோ இருந்தால் பதறாதே, இந்த மாடல்கள் மூடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பழைய ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய எழுத்து இருந்தால் அதையும் படம் எடு.

மூன்றாவது, மிஷினில் இப்படியும் அப்படியும் ஆடுகிற பாலன்ஸ் வீலைத் தாங்குகிற தகட்டில், பாலம் என்போம், அதில் 'ஆர் ஓ டபிள்யூ' என்று மூன்று எழுத்து இருக்கிறதா பார். அமெரிக்காவுக்குள் போன ஸ்விஸ் மிஷின்களில் இறக்குமதி செய்தவருக்கென்று ஒரு மூன்றெழுத்துக் குறி குத்துவார்கள். ரோலெக்ஸுக்கு இது. ஒமேகாவுக்கு 'ஓ எக்ஸ் ஜி', லாஞ்ஜீனுக்கு 'எல் எக்ஸ் டபிள்யூ'. இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. இருந்தால் வழக்கு பாதி முடிந்தது.

பார்த்துவிட்டு எழுது.

எடிசன்வாசி:

மிஷின் சார் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் பிரேக் போடுகிறேன். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், இங்கே பழைய வாட்ச் கண்காட்சிகளில் சுற்றுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

ஆர்.ஓ.டபிள்யூ. இருந்தால் வாட்ச் அமெரிக்காவில் விற்றது என்பது சரி. செயின் அன்றே மாட்டியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே நகைக்கடையில் ஜூபிலி வேண்டுமா, மூன்று வரிசை ஆய்ஸ்டர் செயின் வேண்டுமா, லெதர் ஸ்ட்ராப் போதுமா என்று கேட்டு மாட்டிக் கொடுப்பார்கள். காசு மிச்சம் பிடிக்க லெதரில் வாங்கி, நாலைந்து வருஷம் கழித்து அதே கடையில் செயின் வாங்கினவர்கள் உண்டு. அப்போதும் கிடைத்திருக்கப் போவது இதே சி அண்ட் ஐ சரக்குதான். புதிதாக வந்த ஸ்டூடன்ட் முதல் நாளே ரோலெக்ஸ் செயினோடு வாங்கியிருப்பாரா என்ன?

போதாக்குறைக்கு இன்னொரு பழக்கம். 1959ல் ஸ்பைடல் கம்பெனி ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ் என்று இழுத்தால் நீளும் செயின் கொண்டுவந்தது. லாக்கே கிடையாது, அப்படியே கையில் நுழைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா பூராவும் அந்தப் பைத்தியம் பிடித்தது. ரோலெக்ஸ் செயினைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டு பதினைந்து வருஷம் திரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாட்ச்சில் தேய்மானம் வேறு கதை சொல்லும்.

தம்பி, பெரியப்பாவின் அந்தக் காலத்துப் போட்டோ ஏதாவது இருக்கிறதா? முழுக்கை சட்டை போடாத போட்டோவாகப் பார்த்து எடுங்கள்.

காவிரிக்கரை:

மன்னிக்கவும், பெரியம்மா வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்து வரத் தாமதமாகிவிட்டது.

செயினைக் கழற்றினேன், ஐயா சொன்ன மாதிரி டேப் ஒட்டிக்கொண்டு. அழுக்கு பயங்கரம், எண்ட் பீஸுக்குள் கருப்பாக ஒரு பசை உறைந்து கிடந்தது. பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்த பிறகுதான் நம்பர் தெரிந்தது. சீரியல் 18 லட்சத்துச் சொச்சம், கடைசி இரண்டு எண் பாதி தேய்ந்துவிட்டது. அந்தத் தேய்மானம் வில் மாதிரி வளைந்து இருக்கிறது. எண்ட் பீஸின் அடிவிளிம்பை வைத்துப் பார்த்தால் அதே வளைவு. ஆனால் 12 மணிப் பக்கம் அப்படி அச்சாக இல்லை. வளைவுக்கு வெளியே நேர்கோடாக இன்னொரு மெல்லிய கீறல் ஓடுகிறது. படம் 4, 5.

சென்னையில் நண்பர் சொன்ன ஒரு பெரியவரிடம் மூடியைத் திறந்தோம். ரோமன் மூன்று, பக்கத்தில் 68. அதாவது 1968 ஜூலை முதல் செப்டம்பருக்குள், சரியா? மூடியில் ஊசியால் கீறிய எழுத்து மூன்று இடத்தில். ஒன்று '5-74', ஒன்று '9-81', மூன்றாவது வேறு கையெழுத்தில் 'கே.வி. 2003'. கடைசியானது இங்கே வந்த பிறகு செய்ததாக இருக்கும்.

பாலத்தில் ஆர் ஓ டபிள்யூ இருக்கிறது! அந்தப் பெரியவரே கண்ணில் மாட்டியிருந்த லூப், அந்தப் பூதக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து "நீயே பார்த்துக்கோப்பா" என்றார். மிஷின் நம்பர் 1575.

போட்டோவும் கிடைத்தது. பின்பக்கம் பெரியப்பா கையெழுத்தில் '1970 ஜூன், நயாகரா'. அரைக்கை சட்டை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாட்ச் தொளதொளவென்று மணிக்கட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினால் செயின் மின்னுவது தெரிகிறது, கண்ணி வடிவம் தெரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டேன். "அவர் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தப்பவே கையில செயின் வாட்ச்தான். தோல் வாரெல்லாம் அவருக்கு வேர்வைக்கு ஆகாது, புண்ணாயிடும்" என்றார். கல்யாணம் 1971 தை.

எடிசன்வாசி:

பெரியம்மா சாட்சி கொடுத்த பிறகு நான் யார் பேச! லெதர் தியரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 1970 ஜூனில் மெட்டல் செயின் கையில் இருக்கிறது, அது ஸ்பைடலும் இல்லை. ஸ்பைடல் கையை இறுக்கிப் பிடிக்கும், இப்படித் தொங்காது. ஆனால் அந்த நேர்க்கோட்டுக் கீறல்?

பழைய மிஷின்:

படம் 4ஐயும் 5ஐயும் பேத்தியின் பெரிய கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தேன். தம்பி நன்றாகப் படம் எடுத்திருக்கிறாய்.

6 மணிப் பக்கத்து வளைவு சுத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு எண்ட் பீஸ்தான் அங்கே உரசியிருக்கிறது. தடத்தின் ஆழத்தைப் பார்த்தால் நாலைந்து வருஷத்து வேலை இல்லை, ஒரு மனுஷனின் ஆயுசு வேலை. 12 மணிப் பக்கத்து நேர்க்கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேய்மானக் கீறல் என்றால் அடிப்பாகம் மழுங்கி இருக்கும். இது கூர்மையாக, ஒரே இழுப்பில் விழுந்திருக்கிறது. பின்னைத் தள்ளும்போது கருவி வழுக்கின கோடு. ரிப்பேர் பண்ணும்போது எவனோ அவசரப்பட்டிருக்கிறான். 74ஆ, 81ஆ, கே.வி.யா, எனக்குத் தெரியாது. என் தொழில்காரர்களை நானே காட்டிக் கொடுக்க மாட்டேன்.

எடிசன்வாசி கிளப்பின சந்தேகம் நியாயமானதுதான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். வாட்ச்சின் கேஸ் 1968 மூன்றாம் காலாண்டில் செய்தது. கடல் தாண்டி, கடைக்குப் போய், விற்றிருக்க 69 ஆகியிருக்கலாம். ஆர்.ஓ.டபிள்யூ. இருப்பதால் அமெரிக்காவில்தான் விற்றது. 70 ஜூனில் மெட்டல் செயின் கையில். கேஸில் ஒரே செயினின் தடம், அந்தத் தடம் இந்தச் செயினுடையது. 74ல் சர்வீஸுக்குப் போனபோது செயினையும் மாற்றியிருந்தால் அதற்கு முந்தின நாலைந்து வருஷத்துத் தடம் எங்கேயாவது தெரிய வேண்டும். ஸ்விஸ் ஜூபிலியின் எண்ட் பீஸ், 55ஆம் நம்பர், இதே இடத்தில் இப்படியே உட்காராது. அப்படி வேறு தடம் எதுவும் தெரியவில்லை. ஆகவே வாங்கின நாளில் மாட்டின செயின்தான் என்று நான் சொல்வேன். பில் இருந்தால் கோர்ட்டில் வைக்கலாம், பில் இல்லாமலே நான் இதற்குக் கையெழுத்துப் போடுவேன்.

ஸ்விஸ் செயினாக இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைத்திருக்கும். லாக்கின் உள்தகட்டில் காலாண்டும் வருஷமும் குத்தியிருப்பார்கள், '3 68' என்கிற மாதிரி. 1976க்குப் பிறகு எழுத்து: ஏ என்றால் 76, பி என்றால் 77, அப்படியே போகும். கூடவே எஸ் என்று இருந்தால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. உன் லாக்கில் அப்படி எதுவும் படத்தில் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிடு.

இப்போது மாற்றலாமா என்ற கேள்வி. மாற்றாதே. திருச்சிக்காரர் போட்டுத் தருகிறேன் என்ற ஸ்விஸ் ஜூபிலி எந்த வாட்ச்சிலிருந்து கழற்றியதோ, யார் கண்டது? அதை மாட்டினால் செயின் அசல், வாட்ச் அசல், இரண்டுக்கும் சம்பந்தம் மட்டும் இருக்காது. இந்த முட்டைக் கண்ணிச் செயின் இந்தியாவில் அபூர்வம். தேடுகிறவன் இருக்கிறான், அதனால்தான் அவர் கை நீண்டது.

ஆனால் தினமும் கட்டாதே. மடித்த தகடு, உள்ளே வெற்றிடம். பின்னும் கண்ணியும் உரசி உரசித் தேய்ந்து செயின் நீண்டுவிடும். வாட்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, செயின் எவ்வளவு தொங்குகிறது என்று ஒரு படம் எடுத்துப் போடு. அதிகமாகத் தொங்கினால் எந்த நிமிஷமும் ஒரு கண்ணி பிளந்து வாட்ச் தரையில் விழும். 20 மில்லிமீட்டர் லெதர் ஸ்ட்ராப் ஒன்று வாங்கி மாட்டிக்கொள், செயினைத் தனியாக வை. உனக்கும் பெரியப்பா மாதிரி தோல் ஆகாது என்றால் நைலான் பட்டி. செயினைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும். ஊறவைத்து, மென்மையான பிரஷ், பிறகு நன்றாகக் காய வை. ஈரம் உள்ளே தங்கினால் துரு உள்ளேயிருந்து வரும். பாலீஷ் மட்டும் போடக் கூடாது. காதிலும் போடக் கூடாது, செயினிலும் கூடாது. நாம் இவ்வளவு நேரம் படித்த தடமெல்லாம் ஒரே நிமிஷத்தில் பஃப் சக்கரத்தில் போய்விடும். சர்வீஸுக்குக் கொடுத்தால் பில்லிலேயே "பாலீஷ் வேண்டாம், டயல், முள் மாற்ற வேண்டாம்" என்று எழுதி வாங்கு.

டிக்டிக்:

அய்யா, செம. 'மேட் இன் யு.எஸ்.ஏ.'ன்னு பார்த்து நான் மூணு வருஷம் முன்னாடி ஒண்ணை வாங்காம விட்டேன். இப்ப வயிறு எரியுது 😭

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி ஐயா, எடிசன்வாசி சாருக்கும். தொங்கும் படம் போட்டிருக்கிறேன். பெரியம்மாவிடம் சொன்னேன். "அதைக் கொண்டுபோய்க் கடையில கொடுக்கலாம்னு பார்த்தியா?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழைய மிஷின்:

படம் பார்த்தேன். லாக்கிலிருந்து மூன்றாவது, நான்காவது கண்ணியில் தொய்வு அதிகம், மற்றது தேவலை. விசேஷத்துக்குக் கட்டலாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கையில் வேண்டாம்.

கீழக்கரை சபுராளி:

இடையில புகுந்ததுக்கு மாப்பு. எங்க வாப்பா துபாய்ல இருந்து கொண்டாந்த சீக்கோ 5 ஒண்ணு கிடக்கு. செயின் லாக்குக்கு மேல சீக்கோ, உள்ளே 'ஸ்டீலக்ஸ்'னு இருக்கு. இதையும் ஒருத்தர் டூப்ளிகேட்னு சொல்லிட்டாரு. மெய்யா?

பழைய மிஷின்:

ஸ்டீலக்ஸ் ஹாங்காங் கம்பெனி பாய். சீக்கோவுக்குச் செயின் செய்து கொடுத்தவர்கள்தான், அந்தப் பெயரைப் பார்த்துத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் சீக்கோ 5 என்றால் செயினை விட டயலைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன், மும்பையில் பெயின்ட் அடித்து விட்டது அவ்வளவு சுற்றுகிறது. தனி இழையாகப் போடுங்கள். பின்மூடிப் படம் வேண்டும். சீரியலில் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். டயலில் 6 மணிக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தும் தெரிகிற மாதிரி எடுங்கள். வெயிலில் வைத்து எடுக்காதீர்கள், கிளாஸ் மின்னிவிடும்.